ஃபாரூக் காக்கா கூப்பிட்டார்

தேரா, துபாய்
8 செப்டம்பர் 2024

இஃப்பத்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் நம்பருக்கு அடித்தால் உன் வாப்பா எடுக்கிறார். "அவ தூங்குறா மாப்புள" என்கிறார். காலையிலும் தூங்குகிறாய், சாயங்காலம் அஸர் பாங்கு சொன்ன பிறகும் தூங்குகிறாய். வாட்ஸப்பில் என்னை அடைத்துவிட்டாய். மெயிலை அடைக்க உனக்குத் தெரியாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

என்னதான் நடந்துவிட்டது? நீயே நிதானமாக யோசித்துப் பார். கம்பெனி முதலாளி ஃபாரூக் காக்கா, தானும் ஜொஹரா ராத்தாவும் நியூசிலாந்து போகும் பயணத்தில் நம் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டார். என் விற்பனைக்குக் கிடைத்த மரியாதை அது. சக்கரத்தோடு சறுக்குக்கட்டையும் மாட்டிய சின்ன விமானத்தில் பனியாற்றின் உச்சியில் போய் இறங்கினோம். ஒரு கைடின் பின்னால் பகல் முழுக்க ஸ்கீ கட்டிச் சறுக்கினோம். திரும்புகிற நேரத்தில் மேகம் இறங்கியது. எல்லோரையும் ஒரே நடையில் ஏற்ற முடியாது என்று பைலட் சொன்னார். நான் முதல் நடையில் வந்தேன். இரண்டாம் நடைக்கு விமானம் எழும்ப முடியவில்லை. நீ அந்தக் கைடோடும் இரண்டு ஜெர்மன்காரர்களோடும் மலைக்குடிலில் தங்கி, மறுநாள் காலையில் வந்தாய். ஒரு கீறல்கூட இல்லை, அல்ஹம்துலில்லாஹ். இதில் நான் செய்த கொலைக்குற்றம் என்ன?

துபாய் வந்து ஒரு வார்த்தை பேசாமல், உம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு பையோடு சவூதிக்கு, தம்மாமுக்குப் போனாய். போனது போதும். வியாழக்கிழமைக்கு டிக்கெட் போடுகிறேன். பேசித் தீர்த்துக்கொள்ளலாம். இங்கே நான் தினமும் மலபார்க்காரன் கடைப் புரோட்டா தின்று வயிறு கெட்டுக் கிடக்கிறேன்.

ரிபாய்


தம்மாம்
15 செப்டம்பர் 2024

மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. மற்றதெல்லாம் என் இஷ்டம்.

நான் தூங்கவில்லை. வாப்பாவை அப்படிச் சொல்லச் சொன்னவள் நான்தான். ஐந்து வேளையும் தொழுகிற மனுஷனை உங்களால் பொய் சொல்ல வைத்திருக்கிறேன். டிக்கெட் போட வேண்டாம்.

நீங்கள் எழுதியதில் மேகம் சரி, ஜெர்மன்காரர்கள் சரி, பைலட் சொன்னதும் சரி. "நான் முதல் நடையில் வந்தேன்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சோற்றுக்குள்தான் முழுப் பூசணிக்காய் இருக்கிறது. மறந்துபோயிருந்தால் நான் சொல்கிறேன், கேளுங்கள்.

காற்று சரியில்லை, முதலில் மூன்று பேர்தான் என்றார் பைலட். காக்கா ஏறினார். ஜொஹரா ராத்தா ஏறினார். இன்னும் ஒரு இடம். கைடு என்னைப் பார்த்துத்தான் தலையசைத்தார். ராத்தா உள்ளேயிருந்து கையை நீட்டி, "இஃப்பத், வா புள்ள, சீக்கிரம்" என்றார். நான் ஸ்கீயைக் கழற்றக் குனிந்தேன். அப்போதுதான் காக்கா, "ரிபாய், யல்லா!" என்று கத்தினார். நான் நிமிர்ந்தபோது உங்கள் கால் படியில் இருந்தது. உங்கள் சறுக்குக்கோல் இரண்டையும் என்னிடம் நீட்டி, "இதப் பிடி" என்றீர்கள். நானும் மடச்சி மாதிரி பிடித்துக்கொண்டேன்.

கதவைச் சாத்தும்போதுகூட நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ராத்தாதான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனார். அந்த விமானம் மேகத்துக்குள் போகும்வரை, நீங்கள் ஏதோ மறந்துபோய் ஏறிவிட்டீர்கள், இப்போது இறங்கிவிடுவீர்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பறக்கிற விமானத்திலிருந்து எப்படி இறங்குவது? அந்தப் புத்திகூட அப்போது எனக்கு இல்லை.

இஃப்பத்


துபாய்
22 செப்டம்பர் 2024

இஃப்பத்,

நன்றாக எழுதுகிறாய். வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

நீ ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உன் விசா என் மேல் இருக்கிறது. என் விசா காக்கா மேல் இருக்கிறது. அவர் ஒரு கையெழுத்தில் ரத்து செய்தால் இரண்டு பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். உமாபதி என்று கணக்குப் பிரிவில் ஒருவர் இருந்தாரே, நம் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி குடிக்க வந்தாரே, அவர் ஒரு வெள்ளிக்கிழமை டியூட்டிக்கு வரமுடியாது என்று காக்காவிடம் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமையை அவர் மதுரையில் கழித்தார். காக்கா "ரிபாய்" என்று கூப்பிட்டால் என் கால் முதலில் போகும், நான் பிறகுதான் போவேன். ஒன்பது வருஷமாக அப்படித்தான் சோறு தின்கிறோம், நீயும் தின்றிருக்கிறாய். அவருக்கு இங்கிலீஷும் வராது. பைலட் அவசரத்துக்கு ஏதாவது சொன்னால் யார் கேட்டுச் சொல்வது? நீ பின்னால் வரத்தானே போகிறாய் என்று நினைத்தேன். மேகம் என்னைக் கேட்டுக்கொண்டா இறங்கியது?

விட்டுப் போனதைப் பற்றிப் பேசுகிறாயே, அன்று காலையில் யார் யாரை விட்டுப் போனது? மாலுக்குள் இருக்கிற பனிச்சறுக்குக் கூடத்தில் உன்னைச் சேர்த்தவன் நான். முதலாளி முன்னால் நாம் இரண்டு பேரும் தடுமாறக் கூடாது என்று சேர்த்தேன். அங்கே, கூரைக்குக் கீழே, விளக்கு வெளிச்சத்தில், உன்னைவிட நான்தான் நன்றாகச் சறுக்கினேன். பனியாற்றில் கூரையும் இல்லை, ஓரமும் இல்லை. வெயில் போனதும் எது மேடு எது பள்ளம் என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. விழுந்தேன். எழுந்தேன், மறுபடி விழுந்தேன். நீ நின்றாயா? கைடின் தடத்திலேயே வழுக்கிக்கொண்டு கீழே போய் நின்று சிரித்தாய். அந்த ஆள் உனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். "ரிபாய், வீட்டுக்காரிட்ட ட்யூஷன் எடுத்துக்கப்பா" என்றார் காக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அதில் உன் சிரிப்புதான் பெரிது.

அதை நான் ஒரு நாளாவது உன்னிடம் குத்திக் காட்டினேனா?

ரிபாய்


தம்மாம்
6 அக்டோபர் 2024

மச்சான்,

இப்போது குத்திக் காட்டியாயிற்றே, சந்தோஷம்தானே?

பனிக்கு அடியில் பிளவு இருக்கும், நடுவில் யாரும் நிற்கக் கூடாது, நான் நிற்கிற இடத்துக்கு வந்துதான் நிற்க வேண்டும் என்று கைடு காலையிலேயே சொன்னார். இடுப்பில் பட்டையும் நெஞ்சில், பனியில் புதைந்தால் கண்டுபிடிக்கிற கருவியும் கட்டிவிடும்போது சொன்னார். நீங்கள் அப்போது காக்காவுக்குக் கையுறை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தீர்கள். கைடு அப்படிச் சொன்னதால்தான் நான் நிற்கவில்லை. சிரித்தது உண்மை. அவ்வளவு பெரிய வெள்ளையில் நான் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போனேன் மச்சான், யாரும் பின்னால் கூப்பிடவில்லை, அந்தச் சந்தோஷத்தில் சிரித்தேன். கொஞ்சம் உங்களைப் பார்த்தும் சிரித்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

விசா கதைக்கு வருகிறேன். என் விசா உங்கள் மேல், உங்கள் விசா காக்கா மேல். அந்த வரிசைப்படிதானே விமானத்தில் ஏறினீர்கள்? என் பெயரில் யாருக்கும் விசா இல்லை. ஆகவே நான் பனியில் நின்றேன். சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது.

குடிலைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். கைடு பனியை உருக்கிச் சூப் வைத்தார். அதில் இறைச்சி இருக்கிறதா என்று நான் கேட்கும் முன்பே பாக்கெட்டை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஜெர்மன்காரர்களில் மூத்தவர் தன் கம்பளியைக் கொடுத்துவிட்டுக் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரேடியோவில் பேசி முடித்ததும் கைடு என்னிடம் கேட்டார்: "முதல் விமானத்தில் போனாரே, அவர் உன் கணவரா?" நான் இல்லை என்றேன். எங்கள் கம்பெனியில் வேலை செய்பவர் என்றேன். வெட்கமாக இருந்தது மச்சான். பொய் சொன்னதற்கு இல்லை, உண்மையைச் சொல்ல.

மறுநாள் ஹோட்டல் வாசலில் காத்துக்கொண்டு நின்றீர்கள். ஓடி வந்தீர்கள். ஆயிரம்தான் இருந்தாலும் ஓடி வருகிறாரே என்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குளிரில் இருந்தாயா, சாப்பிட்டாயா, பயந்தாயா, எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். நீங்கள் கேட்டது, "அங்க எத்தன ரூம் இருந்துச்சு?"

ஒரே ரூம்தான். அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கும் அதுதான் பதில். அந்த வாசலில்தான் தம்மாம் வர முடிவு செய்தேன்.

இஃப்பத்


துபாய்
17 நவம்பர் 2024

இஃப்பத்,

ஒரு மாதமாக உனக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். என்ன எழுதினாலும் உனக்குத் தீனியாகிவிடுகிறது.

எத்தனை ரூம் என்று எந்தப் புருஷனும் கேட்பான். ஊரில் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? என் உம்மாவுக்கு எப்படியோ விஷயம் போய்விட்டது. "அன்னிய ஆம்புளையளோட ஒரு ராத்திரி இருந்துட்டு வந்தவள நீ ஏன்டா கெஞ்சுறே?" என்று போனில் அழுகிறார்கள். அவர்களைச் சமாளித்துக்கொண்டு, வா வா என்று உன்னை நான் கூப்பிடுகிறேனே, வேறு எவன் கூப்பிடுவான்?

ஒரு வெள்ளைக்காரனிடம் என்னைக் கம்பெனி ஆள் என்று சொல்லியிருக்கிறாய். நான் விமானத்தில் ஏறியது ஒரு நொடியில் நடந்த காரியம், யோசிக்காமல் ஏறினேன். நீ யோசித்துச் சொல்லியிருக்கிறாய்.

கடைசியாக ஒன்று. நீ வெளியே போய் ஆறு மாதம் ஆகிவிட்டால் உன் துபாய் விசா தானாகச் செத்துவிடும். மார்ச் பிறக்கும் முன் வந்தால் உண்டு. அதற்குப் பிறகு புதிதாக நான் எடுக்க மாட்டேன். இனி நான் கெஞ்சப் போவதில்லை.

ரிபாய்


தம்மாம்
1 டிசம்பர் 2024

மச்சான்,

நேற்று வாப்பாவோடு காரில் பஹ்ரைன் பாலத்துக்குப் போய்த் திரும்பினேன். என் விசிட் விசாவுக்கு நடுவில் ஒருமுறை நாட்டை விட்டு வெளியே போய் உள்ளே வர வேண்டும். பாலத்தில் எனக்கு முன்னால் எத்தனையோ குடும்பங்கள் அதற்காகவே வரிசையில் நின்றன. பிள்ளைகள் பின் இருக்கையில் தூங்குகின்றன, புருஷன்மார்கள் இறங்கி பாஸ்போர்ட்டைக் கொடுக்கிறார்கள். எனக்கு வாப்பா இறங்கினார். முட்டி வலியோடு இறங்கினார்.

உங்கள் உம்மாவுக்கு "எப்படியோ" விஷயம் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மலையில் இருந்த யாருக்கும் மாமியின் நம்பர் தெரியாது. ஜொஹரா ராத்தா சொல்லக்கூடியவர் இல்லை. மிச்சம் இருப்பது யார் என்று எண்ணிப் பார்க்க எனக்கு விரல் தேவைப்படவில்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்வதற்காக என் மானத்தை உங்கள் உம்மாவிடம் கொடுத்திருக்கிறீர்கள். விமானத்தில் ஏறியதையாவது ஒரு நொடி என்று வைத்துக்கொள்ளலாம். போனில் நம்பரைத் தேடி அடிக்க ஒரு நொடிக்கு மேல் ஆகும்.

மார்ச் வரட்டும்.

இஃப்பத்


துபாய்
19 ஜனவரி 2025

அன்புள்ள இஃப்பத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வேலை போய்விட்டது.

ஷார்ஜா கிளை எனக்குத்தான் என்று காக்கா போன வருஷமே சொல்லியிருந்தார். போன வாரம் அதை ஹசன் அலிக்குக் கொடுத்துவிட்டார். நேற்று முளைத்த பயல். நேரே உள்ளே போய், "உங்களுக்காக என் வீட்டுக்காரியையே விட்டுட்டு வந்தேன் காக்கா, அதுக்கு இதுதானா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் டீயைக் கீழே வைத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அதச் சொல்லிக் கேக்க வேறயா வந்தே? எதுக்கெடுத்தாலும் உன்னக் கூப்புட்டுப் பழகிட்டேன், கூப்புட்டேன். 'இஃப்பத் இருக்கா காக்கா'ன்டு ஒரு வார்த்தை சொல்லிருந்தா நானே எறங்கி அவள ஏத்தி உட்டுருப்பேன். ஜொஹரா இன்னிக்கி வரைக்கும் என்னத் திட்டுறா. கட்டுனவளப் பனியில உட்டுட்டு வந்தவன்ட்ட ஒரு கடைச் சாவிய எப்படிப்பா குடுக்குறது? நாளைக்கி என்னவிடப் பெரியவன் எவனாச்சும் கூப்புட்டா அங்க போயிருவே."

அலுவலகத்தில் எல்லோர் காதிலும் விழுந்தது. நானும் ஏதோ சொன்னேன், சொல்லக் கூடாததைச் சொன்னேன். "கலாஸ்" என்றார். அவ்வளவுதான். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதை. கூப்பிட்டதும் அவர், போனதற்குத் தண்டனை கொடுப்பதும் அவர். சொல், இது நியாயமா?

விசாவை ரத்து செய்துவிட்டார்கள். உன்னுடையதும் அதோடு போயிற்று. எனக்குக் கொடுத்த அவகாசம் ஓடிக்கொண்டிருக்கிறது. வேலை தேடுகிறேன். போகிற இடமெல்லாம் காக்காவுக்குத் தெரிந்தவர்கள். அந்தக் கதை எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறது.

ஊருக்குப் போகலாம் என்றால் எங்கே போவேன்? காயல்பட்டினத்தில் கல்யாணமான ஆண் பெண்டாட்டி வீட்டில்தான் இருப்பான், உனக்குத் தெரியாதா? நான் கட்டிக்கொடுத்த வீடுகூடத் தங்கச்சி பெயரில், அவள் மாப்பிள்ளைக்கு. எனக்கென்று இருப்பது உன் வீட்டு மாடி அறைதான். நீ இல்லாமல் அதில் போய்ப் படுத்தால் தெரு கேட்கும்.

உன் வாப்பாவிடம் கேள். அவருக்கு விசா கொடுத்த கபீல் நல்ல மனுஷன் என்று நீயே சொல்லியிருக்கிறாய். மாமா வேலை பார்க்கும் பாத்திரக்கடையில், கோடவுனில், எதுவானாலும் செய்கிறேன். நீ சொன்னால் மாமா தட்ட மாட்டார். எத்தனை ரூம் என்று நான் கேட்டதும் தப்பு, உம்மாவிடம் சொன்னதும் தப்பு. எல்லாம் தப்பு என்று வைத்துக்கொள். முதலில் ஒரு விசா மட்டும்.

உன்
ரிபாய்


தம்மாம்
9 பிப்ரவரி 2025

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

முதல்முறையாக "அன்புள்ள" போட்டிருக்கிறீர்கள். "உன்" என்றும் போட்டிருக்கிறீர்கள். வேலை இருந்தபோது இரண்டும் இல்லை. கவனித்தேன்.

காக்கா சொன்னதைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு உங்களை நினைத்து அழுதேன். அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் ஒன்றும் யோக்கியர் இல்லை. நானே இறங்கியிருப்பேன் என்பதெல்லாம் டீ குடித்துக்கொண்டு சொல்கிற பேச்சு. அன்று அவருக்கும்தான் கண் இருந்தது, நான் எதிரேதான் நின்றேன். ஆனால் அவர் எனக்கு யாரோ. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

எல்லாம் தப்பு என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். நான் எதை மச்சான் வைத்துக்கொள்வது? உங்களுக்கே அப்படித் தோன்றவில்லை. இந்த மாதங்களில் ஒருமுறையாவது, இஃப்பத் அங்கே நின்று என்ன நினைத்திருப்பாள் என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், அதை இந்தக் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். காக்கா உங்களுக்கு என்ன செய்தார் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு நியாயமா என்று என்னையே கேட்கிறீர்கள். என்னிடம் போய்க் கேட்கிறோமே என்று உங்களுக்கு உறைக்கவே இல்லை. இங்கேதான் உங்களோடு வாழ்கிற எண்ணம் எனக்கு விட்டுப்போயிற்று. பிரியம் போகவில்லை. அது போயிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

வாப்பாவிடம் சொன்னேன். வாப்பா கபீலிடம் பேசிவிட்டார். கோடவுனில் வேலை, இரண்டு பையன்கள் இருக்கிற ரூமில் ஒரு கட்டில். விசா இந்த மாதத்துக்குள் வந்துவிடும். உங்கள் பாஸ்போர்ட் நகலை வாப்பாவுக்கு அனுப்புங்கள்.

உங்களுக்கு விசா வந்து, வேலையில் சேர்ந்து, இங்கே தங்குவதற்கான இக்காமா அட்டை கைக்குக் கிடைத்த பிறகு, என்னைப் பிரித்துவிடச் சொல்லி ஊர் ஜமாஅத்துக்குக் குலா கேட்டு எழுதுவேன். கல்யாணத்தில் நீங்கள் கொடுத்த மஹரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஊர் வீட்டு மாடி அறையில் இருக்கிற உங்கள் சாமான்களை நான் போய்க் கட்டிவைக்கிறேன், அவசரமில்லை. நீங்கள் தம்மாமில் இறங்கும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். வரும் வாரமே ஊருக்குப் போகிறேன்.

இதைக் கேட்டு வாப்பா கத்தினார். "அத்துக்கப் போற மாப்புளைக்கி நான் எதுக்கு வெசா எடுக்கணும்? இங்க எவ்வளவோ புள்ளைங்க வேலை இல்லாம நிக்கிதுவோ!" என்றார். உம்மா வேறு மாதிரி கேட்டார்கள். "வெசா எடுத்துக் குடுக்குற அளவுக்கு மனசு இருந்தா, சேந்து வாழ்ந்துட்டுப் போக வேண்டியதுதானே?" என்றார்கள். இரண்டு பேருக்கும் நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

போன மாதமே குலாவுக்கு எழுதி வைத்துவிட்டேன். அனுப்பப் போன அன்றுதான் உங்கள் கடிதம் வந்தது. வேலை இல்லை, விசா இல்லை, போக வீடு இல்லை என்று நிற்கிற ஆளை நான் அப்போது அறுத்துவிட்டால், ஊர் என்னைக் குறை சொல்லாது. உங்களைத்தான் சொல்லும். ஆனால் அந்தப் பனியில் நின்று பார்த்தவள் நான். நிற்கிற ஆளுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டே உங்களுக்கு அதைச் செய்ய என்னால் முடியவில்லை. அதனால் உங்களை முதலில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, பிறகுதான் போகிறேன்.

இஃப்பத்